கேடிஸ் ஈ: கேள்வி-பதில்

கேள்வி: ட்ரவுட் மீனைப் பிடிக்க எல்க் ஹேர் கேடிஸ் என்ற மிதக்கும் ஈயை, அதாவது தூண்டில் முள்ளில் ரோமமும் இறகும் கட்டிச் செய்யும் போலிப் பூச்சியை, கட்டிப் பழகுகிறேன். ரோம இறக்கை முள்ளைச் சுற்றிப் போய்விடுகிறது. முள்ளின் காதும் (நரம்பு கோக்கும் துளை) அடைபடுகிறது. ஏன்?

பதில்: ரோமம் அதிகம், இடம் குறைவு. 14ஆம் எண் முள்ளுக்கு, இறுக்கிப் பிடித்தால் தீக்குச்சித் தடிமன் வரும் அளவு எல்க் மான் ரோமம் போதும். அடியிலுள்ள பஞ்சு மயிரைச் சீவி எடுத்துவிடுங்கள். அது இருந்தால் நூல் வழுக்கும், தண்ணீரையும் குடிக்கும். நுனிகளை ஸ்டாக்கர் என்ற சிறு குழாயில் தட்டிச் சமப்படுத்துங்கள்.

உடலைக் கட்டும்போதே காதுக்குப் பின்னால் இரண்டு காது நீளம் காலியாக விட்டு, அங்கே நூலால் ஒரு வரிசை சுற்றி வையுங்கள். வழவழப்பான முள் கம்பியில் ரோமம் நிற்காது. இறக்கை நுனி முள்ளின் வளைவுக்கு நேராக வரட்டும். இரண்டு சுற்று தளர்வாகப் போட்டு, நேர் கீழாக இழுத்து இறுக்குங்கள். அடுத்த நான்கு சுற்றும் அதே இடத்தில் விழும்வரை இடக்கைப் பிடியைத் தளர்த்தவே கூடாது. பெரும்பாலோர் தவறுவது இங்கேதான்.

இன்னொன்று: சேவல் இறகை முன்னிருந்து பின்னாகச் சுற்றி, வளைவில் கட்டிய மெல்லிய கம்பியைக் குறுக்காக முன்னே கொண்டுவாருங்கள். 1957இல் இந்த ஈயை உருவாக்கிய அமெரிக்கர் ஆல் ட்ராத்தின் முறை இது. மீன் பல் பட்டாலும் இறகு அவிழாது.

கேள்வி: மீன் மேலே வந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறதே?

பதில்: ஈயை மாற்றும் முன் அதன் பின்னால் நீரில் கோடு விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் நீரோட்டம் தூண்டில் நரம்பை இழுக்கிறது என்று பொருள். நடுவே வேகநீர் இருந்தால், ஈ விழுந்ததும் தூண்டில் கயிற்றை மேல்நீர்ப் பக்கமாகத் தூக்கிப் போடுங்கள். ஈயைக் கட்டும் கடைசி மெல்லிய நரம்பான டிப்பெட்டை 60 செ.மீ. கூட்டிப் பாருங்கள். முள் எண்ணை மூன்றால் வகுத்தால் டிப்பெட்டின் தடிமன் எண் சுமாராகக் கிடைக்கும், 14க்கு 5எக்ஸ்.

மாலையில் கேடிஸ் பூச்சிகள் முட்டையிட நீர்மேல் துள்ளும்போது மட்டும், ஈயை ஒருமுறை ஐந்து செ.மீ. சுண்டிவிடலாம். மேஃப்ளை என்ற வேறு நீர்ப்பூச்சி வரும் காலத்தில் இது வேண்டாம்.

கேள்வி: ஒரு மீன் பிடித்ததும் ஈ மூழ்குகிறது.

பதில்: மீனின் வழவழப்புதான் காரணம். தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றி, சிலிக்கா பொடியில் குலுக்கி எடுங்கள். ஈ மிதக்கப் பூசும் ஜெல் மருந்தைக் காய்ந்த ஈக்கு மட்டும் தடவுங்கள். ஈரத்தின்மேல் தடவினால் நீரை உள்ளேயே பூட்டிவிடும்.