ஹீட்டர் காயில் கணக்குல வட்டம் ஒண்ணு இல்ல, ரெண்டு

ப்ளஸ் டூ படிக்கிற தம்பி ஒருத்தர் கேட்டிருக்கார்: "சார், 230 வோல்ட்ல 1000 வாட் ஹீட்டர். நிக்ரோம் (நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகம்) கம்பியோட விட்டம் 0.4 மில்லிமீட்டர், அதை 1 சென்டிமீட்டர் விட்டத்துக்குச் சுருட்டணும். எத்தனை சுத்து வேணும், 1 லிட்டர் தண்ணி 30 டிகிரில இருந்து கொதிநிலைக்கு வர எவ்ளோ நேரம் ஆகும்? ஃபார்முலா எல்லாம் மனப்பாடம், எதை எங்க போடறதுன்னுதான் புரியல."

தம்பி, இதுல நேரம் கேட்டது சுலபமான பாதி, அதை முதல்ல முடிச்சிடலாம். 1 கிலோ தண்ணிக்கு ஒரு டிகிரி ஏத்த 4200 ஜூல், 70 டிகிரிக்கு 2,94,000 ஜூல், வாட்னா செகண்டுக்கு ஒரு ஜூல், அப்போ 1000-ஆல வகுத்தா 294 செகண்ட், கிட்டத்தட்ட 5 நிமிஷம். பாத்திரம் சூடாகறது, காத்துல போற சூடு எல்லாம் இதுல சேர்க்கல. அப்புறம் 30, 100 ரெண்டுலயும் 273 கூட்டி கெல்வினுக்கு மாத்திட்டு உக்காராதீங்க, வித்தியாசம் அதே 70 தான்.

இப்போ கம்பி. ரெசிஸ்டன்ஸ் எவ்ளோன்னு கேள்வியில குடுக்கல, ஆனா வோல்ட்டேஜும் பவரும் இருக்கே, 230 ஸ்கொயரை 1000-ஆல வகுத்தா 52.9 ஓம். எல்லாரும் சறுக்கறது இதுக்கு அடுத்ததுலதான். முதல் வட்டம் கம்பியோட குறுக்குவெட்டு, அதுக்குப் பரப்பளவு வேணும், ஆரம் 0.2 மில்லிமீட்டர் (விட்டத்தை அப்படியே போட்டா கம்பி நாலு மடங்கு நீளமா வந்து நிக்கும்), பை பெருக்கல் ஆரம் ஸ்கொயர் போட்டா 0.1257 சதுர மில்லிமீட்டர். நிக்ரோமோட ரெசிஸ்டிவிட்டி சுமாரா 1.1 மைக்ரோ ஓம் மீட்டர்னு வெச்சுக்கலாம். அதாவது 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுல 1 மீட்டர் கம்பி எடுத்தா 1.1 ஓம், இப்படி எடுத்துக்கிட்டா பத்தோட அடுக்கு எழுதற தொல்லையே இல்ல. நீளம் = 52.9 பெருக்கல் 0.1257 வகுத்தல் 1.1, வர்றது 6.04 மீட்டர்.

ரெண்டாவது வட்டம் சுருள். இங்க பரப்பளவுக்கு வேலையே இல்ல, சுற்றளவு மட்டும்தான், பை பெருக்கல் 1 சென்டிமீட்டர் = 3.14 சென்டிமீட்டர். 604-ஐ 3.14-ஆல வகுத்தா சுமார் 192 சுத்து. 192 சுத்தானு பயந்துடாதீங்க, கம்பி மெலிசு, ஒட்டி ஒட்டி வெச்சாக்கூட 8 சென்டிமீட்டர்க்குள்ள அடங்கிடும், ஆனா நிஜ ஹீட்டர்ல ஒண்ணோட ஒண்ணு படாம இழுத்து விடுவாங்க, பட்டா ஷார்ட் ஆயிடும்.

இதே கணக்குல வோல்ட்டேஜ் 200-க்கு இறங்கினா என்ன ஆகும்னு அடுத்த கேள்வி வரலாம். வோல்ட்டேஜ் குறைஞ்ச அதே விகிதத்துல பவரையும் குறைச்சு 870 வாட்னு எழுதிடாதீங்க, மாறாம இருக்கறது ரெசிஸ்டன்ஸ்தான் (நிக்ரோம் சூடானாலும் அது ரொம்ப மாறாது), அதனால 200 ஸ்கொயரை 52.9-ஆல வகுக்கணும், 756 வாட். அதே தண்ணிக்கு 389 செகண்ட், ஆறரை நிமிஷம் ஆகும்.