‘ஹவுண்ட் டாக்’ பாட்டில் பெண் குரல் வருவது ஏன்?

நீங்கள் இறக்கிய பாட்டுக் கோப்பில் கோளாறு இல்லை. அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் பாட்டு என்று இறக்கினால் ஒரு பெண் நிதானமாக உறுமுகிறார் என்கிறீர்களே, அவர் ப்ளூஸ் பாடகி பிக் மாமா தார்ன்டன். முதலில் பாடியவரே அவர்தான். 1952-ல் பதிவாகி 1953-ல் வெளிவந்தது. எல்விஸ் பாடியது 1956-ல். தலைப்பு ஒன்றே என்பதால் யாரோ பெயரை மாற்றி ஒட்டியிருப்பார்கள்.

ஒன்று செய்யுங்கள்: நீ ஒரு முயலைக்கூடப் பிடித்ததில்லை என்று நாயைப் பார்த்துச் சொல்லும் வரி வருகிறதா பாருங்கள். வந்தால் எல்விஸ். தார்ன்டனுடையதில் முயல் கிடையாது; கடைசியில் வாத்தியக்காரர்கள் நாய் மாதிரி ஊளையிடுவார்கள். அந்த இடத்துக்காகவே நான் திரும்பத் திரும்பக் கேட்பேன்!

ஊளை இல்லையென்றாலும் உடனே அழித்துவிடாதீர்கள். 1965-ல் பட்டி கை (Buddy Guy) என்ற ப்ளூஸ் கலைஞர் கிட்டார் வாசிக்க, தார்ன்டன் இதை மறுபடி பதிவு செய்திருக்கிறார். உங்களிடம் இருப்பது அதுவாகவும் இருக்கலாம்.