கோடு சரி, குடிகள் யாருக்கு? அரபுப் பாலைவன எல்லைகள்: கேள்வி-பதில்

சவூதி, ஈராக், குவைத் எல்லைகள் பற்றிச் சில வாரங்களாக வந்த கேள்விகளில் ஒன்றோடொன்று தொடர்புள்ளவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

ஒரு பிரிட்டிஷ் அதிகாரி சிவப்புப் பென்சிலால் மூன்று நாடுகளின் எல்லையை ஒரே இரவில் போட்டார் என்கிறார்களே, நிஜமா?

பென்சில் கதைக்கு ஒரே சாட்சி, கூடவே இருந்த பிரிட்டிஷ் அதிகாரி ஹரோல்டு டிக்சன்தான். 1922 நவம்பர் கடைசியில், வளைகுடாக் கரையிலுள்ள உகைர் துறைமுகத்தில் பேச்சு நடந்தது. அரேபியாவின் நடுப்பகுதியான நஜ்துக்கு, அதை ஆண்டவரும் பின்னாளில் சவூதி அரேபியாவை நிறுவியவருமான இப்னு சவூதே வந்திருந்தார். ஈராக் சார்பில் ஒரு அமைச்சர். குவைத் சார்பில் குவைத்தி யாருமே இல்லை, அங்கிருந்த பிரிட்டிஷ் ஏஜெண்ட் மேஜர் மோர்தான் உட்கார்ந்திருந்தார். பல நாள் இழுபறிக்குப் பிறகு பாக்தாத் ஹை கமிஷனர் பெர்சி காக்ஸ் பொறுமை இழந்து, இப்னு சவூதைப் பள்ளிப் பையனை அதட்டுவதுபோல் அதட்டிவிட்டு, வரைபடத்தில் தானே கோடு போட்டார் என்று டிக்சன் பின்னாளில் எழுதினார். டிசம்பர் 2-ல் கையெழுத்தானது.

டிக்சனுக்குக் கதை சொல்வதில் பிரியம் அதிகம், அதைக் கழித்துக்கொண்டே படிக்க வேண்டும். விளைவில் சந்தேகமில்லை. 1913-ல் ஆங்கிலேயரும் துருக்கியரும் பேசி வைத்த, ஆனால் போர் வந்ததால் உறுதிப்படாமலே போன ஒப்பந்தத்தில் குவைத்துக்குக் காட்டியிருந்த நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நஜ்துக்குப் போயிற்று. ஈராக்கிடம் இப்னு சவூது கேட்டது கிடைக்காததற்கு ஈடு அது. இழந்தவர் குவைத் ஷேக் அகமது. அவருக்கு விஷயம் தெரிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

பென்சிலைவிட முக்கியமானது அங்கே நடந்த வாதம். இப்னு சவூது கோடே வேண்டாம் என்றார். எந்தக் குலம் எனக்கு ஜகாத் என்ற மார்க்க வரி கட்டுகிறதோ அது என் குடி, அது மேயும் இடமும் தண்ணீர் காட்டும் கிணறும் என் நாடு என்பது அவர் கட்சி. காக்ஸுக்கு வரைபடத்தில் நகராத கோடு வேண்டும். கோடு விஷயத்தில் காக்ஸ் ஜெயித்தார். குடிகள் யாருக்கு என்ற வழக்கு அதன் பிறகும் ஓயவில்லை.

அப்படியானால் ‘நடுநிலை மண்டலம்’ எதற்கு?

கோட்டின் இருபுறத்துக் குலங்களுக்கும் பொதுவான மேய்ச்சலும் கிணறுகளும் இருந்த இடங்களைப் பிரிக்க முடியாததால், இரண்டு துண்டுகளை இரு தரப்புக்கும் பொது என்று விட்டார்கள். ஒன்று நஜ்து-ஈராக் நடுவில், இன்னொன்று நஜ்து-குவைத் நடுவில். இரண்டாவதில் பின்னாளில் எண்ணெய் கிடைத்தது. 1960-களில்தான் அதைப் பிரிக்க ஒப்பந்தம் போட்டார்கள். எண்ணெயை இன்றும் பாதிப்பாதி பகிர்கிறார்கள்.

ஷம்மர் அகதிகளை ஈராக் ஏன் திருப்பி அனுப்பவில்லை? அனுப்பியிருந்தால் சண்டையே வந்திருக்காதே?

நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும். 1921 நவம்பரில் இப்னு சவூது வடக்கு அரேபியாவிலுள்ள ஹாயில் நகரைப் பிடித்தார். ஹாயிலை ஆண்ட ரஷீது வம்சத்தார் ஷம்மர் குலத்தவர். தோற்ற ஷம்மரில் பெருங்கூட்டம் வடக்கே ஈராக் பக்கம் ஓடியது. அங்கே ஏற்கெனவே குடியேறியிருந்த ஷம்மர் உறவுக்காரர்கள் உண்டு. ஓடியவர்கள் சும்மா இருக்கவில்லை. ஈராக் மண்ணிலிருந்து கிளம்பி நஜ்துக் குலங்களைக் கொள்ளையடித்துவிட்டு மறுபடி எல்லைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

1922 மே மாதம் பாரசீகத் துறைமுகமான முஹம்மராவில் ஓர் ஒப்பந்தம் தயாரானது. ழஃபீர், அமாராத், முந்தஃபிக் குலங்கள் ஈராக்குக்கு, ஷம்மர் நஜ்துக்கு என்று ஆட்களைப் பங்கு போட்டார்கள். ழஃபீரையும் அமாராத்தையும் விட்டுக்கொடுக்க நான் ஆள் அனுப்பவில்லை என்று இப்னு சவூது அதை ஏற்க மறுத்ததால்தான் உகைர் வரை போக வேண்டியதாயிற்று. 1923 டிசம்பரில் குவைத்தில் கூடிய மாநாட்டில் அவர் தரப்பின் பிடிவாதம் ஒன்றே: ஓடி வந்த என் குடிகளை ஒப்படை. ஈராக் மறுத்தது. அந்த மாநாடும் 1924-ல் கைவிடப்பட்டது.

ஈராக் மறுத்ததற்குக் காரணம் ஒன்றல்ல. அடைக்கலம் என்று கூடாரத்துக்குள் வந்தவனை எதிரியிடம் பிடித்துக் கொடுப்பது, பாலைவன நாடோடிகளான பதுவி அரபிகளிடம் அழியாத அவமானம். ஈராக் மன்னர் பைசல் அதைச் செய்தால் அவர் நம்பியிருந்த குலத் தலைவர்களே முகத்தில் விழித்திருக்க மாட்டார்கள். அதற்கு மேல் பழைய பகை. பைசலின் தந்தை ஹுசைன் ஆண்ட, மக்காவும் மதீனாவும் உள்ள ஹிஜாஸைப் பறிக்கும் வேலையில் இப்னு சவூது 1924-லேயே இறங்கிவிட்டார். ஆங்கிலேயரோ அகதி வேறு, குற்றவாளி வேறு என்று சட்டம் பேசினார்கள். 1925 நவம்பரில் பிரிட்டிஷ் தூதர் கில்பர்ட் கிளேட்டன் பேசி முடித்த பஹ்ரா ஒப்பந்தம் அனுமதியின்றி எல்லை தாண்டிக் கொள்ளையிடுவதைத் தடுத்தது, வழக்குத் தீர்க்க ஒரு தீர்ப்பாயம் வைத்தது. குற்றவாளிகளை ஒப்படைப்பதை மட்டும் ஒரு வருடத்துக்குள் தனியாகப் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டது. வேண்டுமென்றேதான் தள்ளினார்கள் என்பது என் எண்ணம். அதைத் தொட்டிருந்தால் மற்றது எதுவும் கையெழுத்தாகியிருக்காது.

ஜோர்டான் எல்லையில் உள்ள கூரான மடிப்பு, சர்ச்சில் மது மயக்கத்தில் கோடு போட்டபோது விக்கியதால் வந்ததாமே?

கட்டுக்கதை. 1925 நவம்பரில் ஹத்தா ஒப்பந்தத்தில் பேசி வந்த எல்லை அது, பேசியவர் அதே கிளேட்டன். அப்போது சர்ச்சில் நிதியமைச்சர், குடியேற்றத் துறையை விட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. சிர்ஹான் பள்ளத்தாக்கும் காஃப் கிராமமும் நஜ்துக்கு, ஈராக்கையும் டிரான்ஸ்ஜோர்டானையும் (இன்றைய ஜோர்டான்) இணைக்கும் வழி ஆங்கிலேயருக்கு. மடிப்பு வந்தது இந்தப் பேரத்தில்தான்.

புசையா கோட்டையில் அப்படி என்ன இருந்தது?

சில கிணறுகள், கட்டி முடியாத ஒரு போலீஸ் சாவடி. ஈராக்கின் தென்பாலைவனத்தில் கொள்ளைக்காரர்கள் வருவதை முன்கூட்டியே அறிய அதைக் கட்டினார்கள். எல்லைக்கு அருகிலுள்ள கிணறுகளில் கோட்டை கட்டக்கூடாது என்று உகைர் உடன்படிக்கையின் 3-ஆம் பிரிவு சொல்லியிருந்தது. அருகில் என்றால் எவ்வளவு தூரம் என்று எழுதவில்லை. 1927 நவம்பர் 5 இரவு முதைர் குலத்து இக்வான்கள், அதாவது இப்னு சவூதின் மதத் தீவிரப் படையினர், புகுந்து, அங்கிருந்த போலீஸ்காரர்களையும் கூலியாட்களையும் கொன்றார்கள். பழைய பாணி ஒட்டகக் கொள்ளையில் உயிர்ச்சேதம் குறைவு. இது அந்த ரகமில்லை. மறுமொழியாக ஆங்கிலேய விமானங்கள் நஜ்துக்குள்ளேயே போய்க் குண்டு போட்டன. 1928-ல் ஜித்தாவில் கிளேட்டன் மறுபடி பேசியும் சாவடி விஷயத்தில் இரு தரப்பும் இறங்கி வரவில்லை.

பைசல் அல் துவைஷ் ஆங்கிலேயரிடம் சரணடைந்தும் அவரை ஒப்படைத்தது துரோகம் இல்லையா?

முதைர் தலைவர் துவைஷ் முன்பு இப்னு சவூதின் வலது கை. 1929 மார்ச்சில் நஜ்திலுள்ள சபிலாவில் தன் மன்னரோடே மோதித் தோற்றார். அந்த வருட முடிவில் குடும்பங்களோடும் மந்தைகளோடும் குவைத் பக்கம் ஒதுங்கினார். இப்போது நிலைமை தலைகீழ். முன்பு அகதிகளைக் கொடு என்று கேட்டவரும் இப்னு சவூது, இப்போது கேட்டவரும் அவரே. ஆனால் இந்த முறை கொடுப்பதில் ஆங்கிலேயருக்கு லாபம் இருந்தது. ஈராக், குவைத் குலங்களைக் கொள்ளையிட்டவர்கள் இவர்கள்தானே.

1930 ஜனவரியில் துவைஷ் சரணடைந்தார். தன் வீட்டுப் பெண்களை, அப்போது குவைத் ஏஜெண்டாக இருந்த டிக்சனின் பொறுப்பில் விட்டார். உயிருக்குச் சேதம் வராது என்று இப்னு சவூதிடம் வாக்கு வாங்கிக்கொண்டு, மாதக் கடைசியில் தலைவர்களை விமானத்தில் கொண்டுபோய் ஒப்படைத்தார்கள். வாக்கு மீறப்படவில்லை, தலை வெட்டப்படவில்லை. 1931-ல் துவைஷ் ரியாத் சிறையில் இறந்தார். சட்டப்படி இது துரோகம் இல்லை. பதுவி வழக்கப்படி வேறென்ன சொல்வது?

அதே 1930 பிப்ரவரியில் லூபின் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் இப்னு சவூதும் ஈராக்கின் பைசலும் முதன்முறையாக நேருக்கு நேர் சந்தித்தார்கள். அடுத்த வருடம் நல்லுறவு ஒப்பந்தம் வந்தது, ஒத்திப்போட்ட குற்றவாளி ஒப்படைப்புக்கும் அப்போதுதான் வழி பிறந்தது.

குவைத்தில் வேலை பார்க்கிறேன். இங்குள்ள ‘பிதூன்’ (குடியுரிமை இல்லாத) மக்களுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

ஓரளவு உண்டு. 1959 குடியுரிமைச் சட்டம், 1920-க்கு முன்பே குவைத்தில் குடியிருந்து தொடர்ந்து அங்கேயே வாழ்ந்தவர்களை மூலக் குடிமக்கள் என்றது. ஷம்மர், ழஃபீர், அனஸா போன்ற குலத்தார் பலர் பருவத்துக்கு ஓர் இடமாக வாழ்ந்தவர்கள். குடியிருப்பைக் காட்ட அவர்களிடம் காகிதம் இல்லை, பலர் பதிவு செய்யவும் போகவில்லை. பிதூன்களில் கணிசமானோர் இவர்களின் வழிவந்தவர்கள். எல்லோரும் அல்ல, பின்னால் ஈராக்கிலிருந்தும் சிரியாவிலிருந்தும் வந்தவர்களும் சேர்ந்திருக்கிறார்கள். பலர் தங்கள் உண்மையான குடியுரிமையை மறைக்கிறார்கள் என்பது அரசின் வாதம். படையிலும் போலீசிலும் வேலை கொடுத்துவிட்டு, 1980-களின் நடுப்பகுதியிலிருந்து சலுகைகளை ஒவ்வொன்றாக நிறுத்திய அதே அரசு.