பிளஸ் டூ முடித்த கையோடு நாலு மாதம் ஐரோப்பாவா?

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு அப்பா கேட்டிருக்கிறார்: "மகள் இந்த வருஷம் பிளஸ் டூ முடித்தாள். பயாலஜி மேத்ஸ், மார்க் நன்றாகவே வந்திருக்கிறது. உடனே கல்லூரிக்குப் போக மனசில்லை, கொஞ்ச நாள் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்து என்ன படிப்பதென்று முடிவு செய்கிறேன் என்கிறாள். ஒரு ஏஜென்ட், 'கேப் செமஸ்டர்' என்று சொல்லி, ஐரோப்பாவில் 4 மாதம், தங்குமிடம், சர்டிபிகேட், பார்ட் டைம் வேலை எல்லாம் சேர்த்து 7 லட்சம் கேட்கிறார். அவளுக்கு அக்டோபரில்தான் 18 முடிகிறது. ரெண்டு மா நிலத்தை அடமானம் வைத்தால் பணம் புரளும். அனுப்பலாமா? ஒரு வருஷம் வீணாகிவிடுமா?"

ஐயா, முதலில் நிலத்துப் பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும். மகள் கேட்டதில் தப்பே இல்லை. 17 வயதில் என்ன படிப்பதென்று இன்னும் தெரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்கிற பிள்ளைகள் குறைவு. தெரிந்த மாதிரி காட்டிக்கொண்டு இன்ஜினியரிங்கில் சேர்ந்து, மூன்றாவது செமஸ்டரில் அரியரும் கையுமாக என் முன்னால் வந்து உட்கார்ந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவள் கேட்பது ஒன்று, ஏஜென்ட் விற்பது வேறொன்று.

வருஷம் போகுமா என்றால், போகும். நாலு மாதம் என்று அவர் சொல்வது அங்கே இருக்கிற நாள்கணக்கு மட்டும். நம் ஊரில் மே மாதம் ரிசல்ட் வந்தால் கலந்தாய்வு, சேர்க்கை எல்லாம் ஆகஸ்ட், செப்டம்பருக்குள் முடிந்துவிடும், அதை விட்டால் அடுத்த வருஷம்தான். பட்டம் தப்பினால் நட்டம் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வருஷத்தில் ரெண்டு தடவை மாணவர்களைச் சேர்க்கலாம் என்று யுஜிசி 2024-ல் பல்கலைக்கழகங்களுக்கு அனுமதி கொடுத்தது உண்மை, ஆனால் அது கட்டாயம் இல்லை, பொறியியல் கலந்தாய்வு ஜனவரியில் ஒருமுறை நடக்கப் போவதும் இல்லை. ஜனவரியிலும் சேர முடிகிற இடம் என்று நான் தயங்காமல் சொல்லக்கூடியது தொலைநிலைக் கல்வி தரும் இக்னோ. ஆகவே செப்டம்பரில் போய் ஜனவரியில் திரும்பினாலும் அடுத்த ஜூன் வரை பிள்ளை வீட்டில்தான் இருப்பாள். அந்த மாதங்களுக்கு என்ன திட்டம் என்று ஏஜென்ட்டிடம் கேட்டால் அவர் சிரிப்பார், ஏனென்றால் அது அவர் பேக்கேஜில் இல்லை.

வருஷம் போவதால் எல்லாக் கதவும் மூடிவிடும் என்று பயப்படவும் வேண்டாம். பொறியியல் கலந்தாய்வுக்குப் போன வருஷ மார்க்கோடு அடுத்த வருஷம் விண்ணப்பிக்கலாம். நீட் எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். திருவாரூர் பக்கத்து நீலக்குடியில் இருக்கிற மத்தியப் பல்கலைக்கழகத்துக்கான க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வுக்கும் தடை இல்லை. ஜேஇஇ மெயின், பிளஸ் டூ முடித்த வருஷத்தோடு அடுத்த ரெண்டு வருஷமும் எழுதலாம். ஐஐடிக்கான அட்வான்ஸ்டு மட்டும் அடுத்தடுத்த ரெண்டு வருஷத்தில் ரெண்டே தடவை, அந்த எண்ணம் இருந்தால் இந்த இடைவெளி கடிக்கும். நடுவில் ஒரு வருஷம் எங்கே என்று சில கல்லூரிகள் கேட்கும், முத்திரைத்தாளில் நோட்டரி கையெழுத்தோடு ஒரு உறுதிமொழி கொடுத்தால் போதும், அது பெரிய விஷயமே இல்லை. டிசி, மார்க்‌ஷீட் அசலை மட்டும் எந்த ஏஜென்ட் கையிலும் கொடுத்துவிடாதீர்கள்.

இனி அந்த 7 லட்சத்துப் பேக்கேஜ். ஐரோப்பாவில் 4 மாதம் என்கிறார் இல்லையா? ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் குறுகியகால விசாவில் எந்த 180 நாளிலும் 90 நாள்தான் இருக்க முடியும். நாலு மாதம் என்றால் 120 நாள் ஆகிறது. அப்படியானால் அந்தந்த நாடு தனியாகக் கொடுக்கும் நீண்டகால விசா வேண்டும், அதற்கு ஒரு கல்வி நிறுவனமோ தொண்டு அமைப்போ உங்கள் மகளை ஏற்றுக்கொண்ட கடிதம் வேண்டும். அந்தக் கடிதம் எந்த நிறுவனத்திலிருந்து வரும், விசா எந்த வகை என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "அதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம் சார்" என்று பதில் வந்தால் விஷயம் அங்கேயே முடிந்தது. டூரிஸ்ட் விசாவில் பார்ட் டைம் வேலை என்பது சட்டவிரோதம், பிடிபட்டால் மாட்டுவது பிள்ளை, ஏஜென்ட் இல்லை. ஒருமுறை விசா மறுக்கப்பட்டாலோ திருப்பி அனுப்பப்பட்டாலோ, பிறகு எம்எஸ் படிக்க விண்ணப்பிக்கும்போது பல நாடுகளின் படிவத்தில் அந்தக் கேள்வி வந்து நிற்கும்.

அப்புறம் வேலை என்ற சொல்லை அவரே எடுத்ததால் இன்னொன்று. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும், இ-மைக்ரேட் தளத்தில் அந்தப் பதிவை நீங்களே சரிபார்க்கலாம். பதிவு எண்ணைக் கேட்டதும் "நாங்கள் கல்வி ஆலோசகர்கள்" என்று மாற்றிப் பேசினால், வேலை என்று சொன்னது சும்மா ஆசை காட்டத்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனுக்கு இளைஞர் விசா இருக்கிறது, ஆஸ்திரேலியாவுக்கு ஒர்க் அண்ட் ஹாலிடே விசா இருக்கிறது என்றும் சிலர் வலை வீசுகிறார்கள். முதலாவதற்குப் பட்டம் வேண்டும், ரெண்டாவதற்குப் பள்ளிக்குப் பிறகு குறைந்தது ரெண்டு வருஷப் படிப்பு வேண்டும். பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு ரெண்டுமே கிடையாது.

சர்டிபிகேட் விஷயம். ஒரு நிஜமான பல்கலைக்கழகத்தில் ஒரு செமஸ்டர் படித்து கிரெடிட் வாங்கிவந்தாலும், இங்கே கல்லூரியில் சேரும்போது முதல் செமஸ்டரிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள். கழித்துக்கொள்வோம் என்று எந்தக் கல்லூரியாவது சொன்னால் எழுத்தில் வாங்குங்கள். அமெரிக்காவில் பிறகு முழு டிகிரி படிக்கிற ஆசை இருந்தால் இது எதிராகவே திரும்பக்கூடும்: பள்ளி முடித்தபின் கல்லூரிக் கிரெடிட் வாங்கியவர்களை அங்கே பல பல்கலைக்கழகங்கள் புது மாணவராகப் பார்க்காமல் மாறி வருகிறவராகப் பார்க்கும், புது மாணவர்களுக்கான ஸ்காலர்ஷிப் கைநழுவும்.

சரி, வருஷம் எப்படியும் போகிறதென்றால் அதை முழு வருஷமாகவே செலவழித்தால் என்ன? எனக்குப் பிடித்த வழி இதுதான், ஏஜென்ட்டுகள் இதை அதிகம் பேசுவதில்லை, கமிஷன் பெரிதாக இல்லை என்பதால் இருக்கலாம். ஜெர்மனியில் பள்ளி முடித்த இளைஞர்கள் ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம், மாற்றுத்திறனாளிப் பள்ளி, மழலையர் பள்ளி போன்ற இடங்களில் ஒரு வருஷம் தன்னார்வச் சேவை செய்யும் வழக்கம் உண்டு. எஃப்எஸ்ஜே என்று ஒன்று, கூட்டாட்சி அரசு நடத்தும் பிஎஃப்டி என்று இன்னொன்று. வெளிநாட்டுப் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம். படிப்புக் கட்டணம் என்று எதுவும் இல்லை, கைச்செலவுக்குப் பணமும் காப்பீடும் உண்டு, பல இடங்களில் தங்குமிடமும் சாப்பாடும் கிடைக்கும். விமான டிக்கெட், விசா, மொழி வகுப்பு உங்கள் செலவு. பயாலஜி படித்த பெண் ஒரு வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் நின்றுவிட்டு வந்தால், மருத்துவம், நர்சிங், பிசியோதெரபி எல்லாம் தனக்குச் சரிப்படுமா என்பது பாதி தெரிந்துவிடும். அவள் தேடுவதும் அதைத்தானே.

ஆனால் இது சொகுசுப் பயணம் இல்லை. முதியோருக்கு உணவூட்டுவது, துணி மாற்றுவது, இரவு ஏழு மணிக்கு மேல் தெருவில் ஆள் நடமாட்டமே இல்லாத ஊரில் தனியாக இருப்பது, நவம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடுவது, சாம்பார் சாதத்துக்கு ஏங்குவது எல்லாம் உண்டு. ஜெர்மன் மொழியில் ஆரம்ப நிலையான ஏ2, பெரும்பாலும் அதற்கு அடுத்த நிலையான பி1 வரை கேட்பார்கள், அதை எட்ட ஆறேழு மாதம் உட்கார்ந்து படிக்க வேண்டும். எனவே இப்போது ஜூனில் ஆரம்பித்தால் அடுத்த வருஷம்தான் போக முடியும். அதுவரை என்ன செய்வது?

இங்கேதான் என் யோசனை. இந்த வருஷம் ஒரு சீட்டில் சேர்ந்துவிடட்டும் என்று சொல்லமாட்டேன், பிடிக்காத சீட்டுக்குக் கட்டிய பணம் திரும்பி வருவது பெரும்பாடு. இக்னோவில் ஒரு பட்டப்படிப்புக்குப் பதிவு செய்துவிட்டு, சென்னையில் ஒரு ஹாஸ்டலில் தங்கி கதே இன்ஸ்டிடியூட்டில் ஜெர்மன் படிக்கட்டும். வீட்டை விட்டு ஒரு ராத்திரிகூடத் தனியாக இருந்திராத பிள்ளை என்றால், வெளிநாட்டுக்கு முன்னால் சென்னை ஹாஸ்டல் நல்ல ஒத்திகை. மூன்றாம் மாதம் அவளுக்கே ஆர்வம் விட்டுப்போனால் நஷ்டம் சில பத்தாயிரங்களோடு நிற்கும், 7 லட்சம் போகாது. அக்டோபரில் 18 முடிந்துவிடுவதால் பெற்றோர் சம்மதப் பத்திரம், மைனர் விசா என்ற தலைவலியும் இல்லை.

இன்னொரு வழியும் உண்டு, அவசரமே இல்லாதது. இங்கேயே கல்லூரியில் சேர்ந்து, மூன்றாம் வருஷத்தில் அந்தக் கல்லூரி ஒப்பந்தம் போட்டிருக்கிற வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஒரு செமஸ்டர் படிப்பது. அப்போது கிரெடிட்டும் கணக்கில் சேரும், வருஷமும் போகாது. எல்லாக் கல்லூரியிலும் இது கிடையாது. கடந்த 3 வருஷத்தில் எத்தனை பேர், எங்கே போனார்கள் என்று சேர்வதற்கு முன்பே கேளுங்கள், ஒப்பந்தப் போட்டோவை மட்டும் காட்டினால் நம்பாதீர்கள்.

பணம் பற்றிக் கொஞ்சம். ஜெர்மனிக்கு மாணவராகப் போனால் பிளாக்டு அக்கவுண்ட், அதாவது மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டும் எடுக்க முடிகிற கணக்கில் ஒரு வருஷத்துக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். அது கட்டணம் இல்லை, பிள்ளை பெயரிலேயே இருந்து மாதம் 992 யூரோவாக அவளுக்கே திரும்பி வரும் பணம். "என் கணக்கில் போடுங்கள், நான் காட்டிக்கொள்கிறேன்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வட்டிக்கு வாங்கிக் கணக்கில் காட்டிவிட்டு எடுத்துக்கொள்ளும் வித்தையும் வேண்டாம். வங்கிக் கல்விக்கடன் பொதுவாக டிகிரி, டிப்ளமோவுக்குத்தான், நாலு மாதப் பேக்கேஜுக்கு மேனேஜர் தலையாட்டமாட்டார். பயிருக்கென்று சொல்லி சொசைட்டியில் வாங்கிய நகைக்கடனை இதில் போட்டுவிட்டு சம்பா நடவுக்குக் கைபிசைந்து நின்ற ஒரு வீட்டை எனக்குத் தெரியும், நீங்களும் அந்த வரிசையில் வரவேண்டாம்.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று உண்டென்றால் பாஸ்போர்ட். தஞ்சாவூர் சேவா கேந்திரத்தில் நாள் பதிவு செய்யுங்கள். 15 முதல் 18 வயதுக்குள் இருப்பவர்கள் 18 வயது வரைக்கும் மட்டும் செல்லும் பாஸ்போர்ட்டோ, 10 வருஷ பாஸ்போர்ட்டோ எடுக்கலாம். பத்து வருஷத்தையே கேளுங்கள், இல்லையென்றால் அக்டோபரிலேயே மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டை மறக்காமல் இணையுங்கள், அப்போதுதான் சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசு அனுமதி வேண்டும் என்று சொல்லும் இசிஆர் முத்திரை விழாது. ஏஜென்ட்டிடம் விசா வகை, ஏற்றுக்கொள்ளும் நிறுவனத்தின் பெயர், விசா கிடைக்காவிட்டால் எத்தனை நாளில் எவ்வளவு பணம் திரும்பும் என்ற மூன்றையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள், போனில் பேசவேண்டாம். பதில் வந்தால் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.