புத்தகம் விற்க ஜிஎஸ்டி எண் வேண்டுமா?

கேள்வி: தென்காசியில் வீட்டிலிருந்தபடியே தமிழ்ப் புத்தகங்களை ஆன்லைனில் விற்க நினைக்கிறேன். ஜிஎஸ்டி, உத்யம் (சிறுதொழில் பதிவு), வெப்சைட் எல்லாம் சேர்த்து 25,000 ரூபாய் ஆகும், ஜிஎஸ்டி எண் இல்லாமல் வெளிமாநிலத்துக்கு ஒரு புத்தகம்கூட அனுப்ப முடியாது என்கிறார் ஓர் ஏஜென்ட். என்னிடம் இருப்பதே ஒரு லட்சம்தான். என்ன செய்வது?

பதில்: இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள்.

அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. வரியில்லாத பொருளை மட்டும் விற்பவர் பதிவு செய்ய வேண்டாம் என்று ஜிஎஸ்டி சட்டத்தின் 23ஆம் பிரிவே சொல்கிறது. மதுரைக்கு அனுப்பினாலும் சரி, டெல்லிக்கு அனுப்பினாலும் சரி.

அந்த 'மட்டும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். புத்தகத்தோடு அழகான துணிப்பையும் விற்கலாமே என்று எல்லோருக்கும் ஆசை வரும். பெங்களூருவில் ஒருவர் கேட்டார் என்று 150 ரூபாய்க்கு ஒரு பை அனுப்பினால், வரியுள்ள பொருளை வேறு மாநிலத்துக்கு விற்றவர் ஆகிவிடுவீர்கள். வருட விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு என்ற வரம்பு அங்கே உதவாது, முதல் பையிலேயே பதிவு கட்டாயம். அதே பை மதுரைக்குப் போனால், புத்தகத்தையும் சேர்த்து வருட விற்பனை 40 லட்சத்தைத் தாண்டாதவரை கவலையில்லை. டைரி, காலண்டர், பேனாவும் இப்படித்தான். முதல் வருடம் புத்தகத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

'எதற்கும் எடுத்து வைப்போம்' என்பார்கள். பதிவுக்கு அரசு ஒரு பைசா வாங்குவதில்லை. ஆனால் எடுத்துவிட்டால், விற்பனையே இல்லாவிட்டாலும் ரிட்டர்ன் (விற்பனைக் கணக்கு) போட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 20 ரூபாய். என்னிடம் வந்த ஒருவர் விற்பனை பூஜ்யம் என்று வெறும் 'நில்' ரிட்டர்ன் போடுவதற்கே மாதம் 500 ரூபாய் அழுதுகொண்டிருந்தார். உத்யமும் இலவசம்தான், ஆதார், பான் இருந்தால் நீங்களே செய்யலாம். கூகுளில் மேலே வரும் தளங்களில் பல, மூவர்ணம் பூசிய தனியார் கடைகள். முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா பாருங்கள்.

உங்கள் பணம் கரையப்போவது தபாலில். 300 ரூபாய் நாவலுக்குப் பதிப்பகம் 30% கழிவு தந்தால் 90 ரூபாய். வாசகருக்கு 10% தள்ளுபடி போக மீதி 60. தபால் செலவும் உங்களுடையது என்றால், தனியார் கூரியரில் போட்டதும் அது காலி.

முன்பெல்லாம் புத்தகங்களுக்கென்றே தபால் துறையின் மலிவான பதிவுப் புத்தக அஞ்சல் இருந்தது. 2024 டிசம்பரில் அதைத் திடீரென்று நிறுத்தினார்கள். 2025 மே மாதம் 'ஞான் போஸ்ட்' என்று வேறு பெயரில் ஒன்றைக் கொண்டுவந்தார்கள்: 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. கல்வி, சமூக, பண்பாட்டு, ஆன்மிக நூல்களுக்கு மட்டுமாம். நாவல் பண்பாட்டு நூலா இல்லையா என்பதைக் கவுன்டரில் இருப்பவரின் அன்றைய மனநிலை முடிவு செய்யும்! ஒரு மாதிரிப் பொட்டலம் கட்டி எடுத்துப்போய் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சமையலறைத் தராசில் நிறுத்துக்கொண்டு போங்கள். 290 கிராம் புத்தகம் அட்டையும் டேப்பும் சேர்ந்து 320 ஆகி அடுத்த கட்டணத்துக்குத் தாவிவிடும்.

வெப்சைட்டுக்கு அவசரமில்லை. முதல் நூறு ஆர்டருக்கு வாட்ஸ்அப்பும் யுபிஐயும் போதும். அப்புறம் போடும்போது டொமைனை (வெப்சைட் முகவரியை) உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் நீங்களே வாங்குங்கள். ஏஜென்ட் பெயரில் இருந்தால், அடுத்த வருடம் புதுப்பிக்க அவர் கேட்டதைத்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.