மூன்று ஏக்கர் காப்பித் தோட்டம்: செடியை மாற்ற வேண்டுமா?

திண்டுக்கல் மாவட்டத்துத் தாண்டிக்குடிக்கு அருகே, மலைவாழைக்கும் ஆரஞ்சுக்கும் ஊடே மூன்று ஏக்கரில் அராபிக்கா வளர்க்கும் வாசகர் ஒருவர், இதுவரை பழத்தை அப்படியே வியாபாரியிடம் எடைக்குப் போட்டு வருவதாக எழுதியிருக்கிறார். சுவைத்தரத்துக்காகத் தனியாக மதிப்பிடப்படும் ஸ்பெஷாலிட்டி காப்பிக்கு மாறப் பழைய எஸ்.795 ரகச் செடிகளைப் பிடுங்கிவிட்டுப் புது ரகம் நட வேண்டுமா, என்ன இயந்திரம் வாங்க வேண்டும் என்பவை அவருடைய கேள்விகள்.

செடிகளைத் தொட வேண்டாம். கென்ட் ரகத்தின் வழிவந்த எஸ்.795 நல்ல சுவை தரக்கூடியது. புதுக் கன்று காய்ப்புக்கு வர மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். காப்பியின் சுவை பெரும்பாலும் கெடுவது, பறித்த பழம் சாக்குக்குள் சூடேறிக் கிடக்கும் முதல் இரவில்தான்.

நன்றாகச் சிவந்த பழத்தை மட்டும், பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் நான்கைந்து சுற்றாகப் பறியுங்கள். கூலி கூடும் என்பது உண்மை. ஆனால் வீட்டு ஆட்களே பறிக்கும் தோட்டத்துக்கு இது பெரிய எஸ்டேட்டைவிட எளிது. பறித்த பழத்தைத் தண்ணீரில் கொட்டி, மிதப்பவற்றை அரித்து எடுத்துவிட்டு, அன்றைக்கே பல்பர் என்னும் தோலுரிக்கும் இயந்திரத்தில் தோல் நீக்க வேண்டும். முதல் பருவத்துக்குக் கையால் சுற்றும் சிறிய பல்பர் போதும். கொட்டை வெட்டுப்படாதபடி அதன் இடைவெளியைச் சரிசெய்வதுதான் முக்கியம்.

அடுத்தது, கொட்டையில் ஒட்டியிருக்கும் வழவழப்பு நீங்கப் புளிக்கவைத்தல். மணிக்கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். மலைக்குளிரில் ஒரு நாள் குறித்த நேரத்தில் புளித்து முடிவது, இன்னொரு நாள் கூடுதலாகச் சில மணி நேரம் இழுக்கும். ஒரு பிடி கொட்டையைக் கழுவி உள்ளங்கையில் தேய்த்துப் பாருங்கள்: வழவழப்புப் போய், கூழாங்கல்லைப் போல் சரசரவென்று உரசினால் உடனே கழுவிவிட வேண்டும். அந்தக் கழிவுநீரை ஓடையில் விடாதீர்கள்.

உங்கள் மலையில் உண்மையான சிக்கல் உலர்த்துவதில்தான் இருக்கிறது, ஏனெனில் பழம் பழுக்கும் நாட்களிலேயே வடகிழக்குப் பருவமழையும் வந்து நிற்கிறது. ஆகவே இயந்திரத்துக்கு ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதியை, இடுப்பு உயரத்தில் கம்பிவலைக் கட்டில்களும் அவற்றின் மேல் காற்றோட்டமுள்ள பிளாஸ்டிக் கூரையும் அமைக்கச் செலவிடுங்கள். கொட்டையை மெல்லிய அடுக்காகப் பரப்பி, அடிக்கடி கிளறி, உச்சி வெயிலிலும் இரவிலும் மூடி, ஈரப்பதம் 10 முதல் 11 சதவீதத்துக்கு வரும்வரை நிதானமாகக் காயவிட வேண்டும். கடித்துப் பார்த்துச் சொல்லும் அனுபவசாலிகள் உண்டு என்றாலும், ஈரப்பதமானி ஒன்று வாங்குவது வீண்செலவாகாது. காய்ந்த கொட்டையை, அதை மூடியிருக்கும் பார்ச்மெண்ட் என்னும் உள்தோலோடு மரப்பலகை மேல் அடுக்கி வையுங்கள். அடுப்புப் புகை ஏறும் பரணும் உரமூட்டை கிடக்கும் அறையும் ஆகாது, காப்பி எந்த வாசனையையும் உறிஞ்சிக்கொள்ளும்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். 100 கிலோ பழத்துக்கு ஏறக்குறைய 20 கிலோ பார்ச்மெண்ட் காப்பியும், அந்த உள்தோலை நீக்கினால் 16 கிலோ வறுக்காத பச்சைக் கொட்டையும் கிடைக்கும். சுவைப்பரிசோதனையில் 100க்குக் குறைந்தது 80 மதிப்பெண்ணும், 350 கிராம் பச்சைக் கொட்டை மாதிரியில் பெருங்குறை ஒன்றும் இல்லாமையும் ஸ்பெஷாலிட்டிக்கு வழக்கமான அளவுகோல். எனவே முழு மகசூலையும் பணயம் வைக்காமல், இந்தப் பருவத்தில் ஒரே ஒரு சுற்றுப் பழத்தை மட்டும் இப்படிப் பதப்படுத்தி, மீதியை வழக்கம்போல் வியாபாரிக்கே கொடுங்கள். தாண்டிக்குடியிலேயே காப்பி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பல்பர் வாங்கும் முன் அங்கே ஒரு நடை போய், உங்கள் தோட்டத்தின் உயரத்தையும் நிழலையும் சொல்லி ஆலோசனை கேளுங்கள். வறுப்பவர்களிடம் மாதிரியை அனுப்பும்போது பறித்த தேதி, புளித்த நேரம், காய்ந்த நாட்கள் மூன்றையும் எழுதி உடன் வையுங்கள். அந்தத் துண்டுச்சீட்டு இல்லாமல், நன்றாக வந்த காப்பியை அடுத்த ஆண்டு உங்களாலேயே மறுபடி செய்ய முடியாது.