கேள்வி–பதில்: செமி-ஆட்டோ ரைஃபிளும் தோட்டத்துப் பன்றியும்

ஏ.ஆர்-15 ரக ரைஃபிளின் நிறைகுறைகளைக் கேட்டு மலேசியா, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டார வாசகர்கள் எழுதிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். துப்பாக்கி வாங்கித் தருமாறு கேட்டவர்கள் மன்னிக்கவும்.

ஐயா, செமி-ஆட்டோ என்பது படத்தில் பொழிந்து தள்ளுகிறதே, அதுதானா?
— கல்லூரி மாணவர், சுங்கை சிப்புட்

இல்லை. விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு ரவைதான் போகும். அடுத்த தோட்டாவைச் சேம்பருக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) ஏற்றும் வேலையை மட்டும் துப்பாக்கியே செய்துகொள்கிறது. ரவை குழலைக் கடக்கும்போது, பின்னால் தள்ளிவரும் கேஸில் (மருந்து எரிந்த வாயு) சிறு பங்கு குழலிலுள்ள துளை வழியாகப் பிரிந்து, மேலே ஓடும் மெல்லிய குழாயில் பின்னோக்கி வருகிறது. அந்த அழுத்தத்தில் போல்ட்டைத் தாங்கும் போல்ட் கேரியர் பின்னால் போக, சேம்பரை அடைத்திருக்கும் போல்ட் திரும்பிப் பூட்டு திறக்கிறது. வெறும் பித்தளைக் கூடு வெளியே தெறிக்கிறது. பிட்டத்துக்குள் (தோளில் ஊன்றும் பின்கட்டை) இருக்கும் ஸ்பிரிங் கேரியரை முன்னே தள்ளும்போது தோட்டாப் பெட்டியான மெகசினிலிருந்து அடுத்த தோட்டா உள்ளே போகிறது. விசையை விட்டு மறுபடி அழுத்தும்வரை தோட்டாவை வெடிக்க வைக்கும் ஹேமரை ஒரு கொக்கி பிடித்து வைத்திருக்கும். அதனால்தான் ஒரு அழுத்துக்கு ஒன்று.

என் தாத்தா மலாயா அவசரகாலத்தில் (கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக் காலம்) எஸ்.சி.யாகத் தோட்டத்தைக் காவல் காத்தவர். கையில் .303. அதைவிட இது உயர்ந்ததா?
— ஓய்வுபெற்ற கிராணி, சுங்கை சிப்புட்

1948 ஜூன் 16-இல் உங்கள் ஊர்ப்பக்கம் தோட்டத் துரைமார் சுடப்பட்ட பிறகு ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் (எஸ்.சி.) தோளில் ஏறிய அந்த .303 லீ-என்ஃபீல்டில் பத்து தோட்டா. ஒவ்வொரு சூட்டுக்கும் கையால் போல்ட்டை இழுக்க வேண்டும். எடை 4 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஏ.ஆர் ரகம் 3 கிலோவை ஒட்டி நிற்கும். அதன் 5.56 மி.மீ. தோட்டா ஒன்று சுமார் 12 கிராம், .303 தோட்டா அதைப்போல் இரண்டு மடங்கு. ஒரே சுமைக்கு இரட்டிப்புத் தோட்டா என்பதுதான் ராணுவங்களை முதலில் இழுத்தது.

அடுத்த நன்மை உதை (சுடும்போது தோளில் விழும் இடி) குறைவு. ரவை சிறியது. பிட்டமும் குழலுக்கு நேர்கோட்டில் இருப்பதால் குழல் மேலே எகிறுவது குறைகிறது. குறியை விடாமல் அடுத்ததைச் சுடலாம். புதிதாகப் பழகுபவருக்கு இதைவிட எளிய ரைஃபிள் குறைவு. நல்ல குழலும் நல்ல தோட்டாவும் அமைந்தால் 100 மீட்டரில் மூன்று முதல் ஐந்து செ.மீ. வட்டத்துக்குள் சுடும்.

நேர்கோட்டுப் பிட்டத்துக்கு ஒரு விலையும் உண்டு. கண் மட்டத்துக்கு ஏற்றக் குறிநோக்கியைக் குழலுக்கு மேல் ஆறு செ.மீ.க்கும் அதிகமாகத் தூக்கி வைத்திருக்கிறார்கள். பத்து மீட்டரில் ரவை குறிக்கு ஐந்தாறு செ.மீ. கீழே படும். மரக்கட்டை மேல் வைத்துச் சுடுபவர் குறிநோக்கி வழியே தெளிவாகப் பார்த்துக்கொண்டே கட்டையைச் சுட்டுவிடுவார்.

ஊர்ச் செய்தி ஒன்று: அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனமான கோல்ட் இந்த ரகத்தை முதன்முதலில் விற்றது அமெரிக்க ராணுவத்துக்கு அல்ல, மலாயாவுக்கு. 1959 செப்டம்பரில். .303-ஐப் பார்த்த நாடு ஏ.ஆர்-ஐயும் ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டது.

அடிக்கடி சிக்கிக்கொள்ளும் துப்பாக்கி என்கிறார்களே, உண்மையா?
— பாதுகாவலர், ஈப்போ சாலை

அந்தக் கெட்ட பெயர் வியட்நாமில் வந்தது. 1960-களின் நடுவில், ஏ.ஆர்-15-இன் ராணுவ வடிவமான எம்-16 போர்முனைக்குப் போனபோது தோட்டாவின் மருந்தை மாற்றிவிட்டார்கள். புது மருந்து அதிகக் கரி விட்டது, துப்பாக்கி இயங்கும் வேகத்தையும் கூட்டியது. சேம்பருக்குக் குரோம் பூச்சு இல்லை, ஈரத்தில் துரு பிடித்தது. போதாக்குறைக்கு, சுத்தம் செய்யவே தேவையில்லை என்ற பேச்சைப் பரப்பி, சுத்தக் கருவியும் சரியாகக் கொடுக்கவில்லை. துருப்பிடித்த சேம்பரில் கூடு ஒட்டிக்கொண்டது. 1967-இல் அமெரிக்க காங்கிரஸ் குழு இதை விசாரித்தது. குரோம் பூச்சும் சுத்தக் கருவியும் பயிற்சியும் வந்தபின் தொல்லை பெருமளவு அடங்கியது. பாதிப் பழி துப்பாக்கியுடையது, மீதி நிர்வாகத்துடையது என்பதே எங்கள் கணக்கு.

இன்றைக்குச் சிக்கினால் முதலில் மெகசினைச் சந்தேகப்படுங்கள். அலுமினிய மெகசினின் மேல் உதடுகள் கீழே விழுந்து விரிந்திருக்கும், அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். தோட்டா மூக்கைத் தூக்கிக்கொண்டோ இரண்டிரண்டாகவோ உள்ளே வரும். வேறு மெகசின் போட்டதும் சரியானால் பழையதை நசுக்கி எறியுங்கள். உதட்டை இடுக்கியால் வளைத்துச் சரிசெய்பவர்கள் அடுத்த மாதமும் அதே கேள்வியோடு வருவார்கள்.

கூடு வெளியே வராமல் சேம்பரிலேயே நின்றால் காரணம் அழுக்குச் சேம்பர், இல்லையேல் கூட்டை இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் ஸ்பிரிங் தளர்ச்சி. கூடு வந்தும் அடுத்த தோட்டா ஏறவில்லை என்றால் கேரியர் முழுத்தூரம் பின்னால் போகவில்லை. கேஸ் எங்கோ கசிகிறது. கேரியர் தலையில், கேஸ் குழாயோடு சேரும் கேஸ் கீயின் இரு திருகும் ஆடுகிறதா பாருங்கள். பிறகு போல்ட்டின் மூன்று வளையங்கள். போல்ட்டை முன்னால் இழுத்துவிட்டு, போல்ட் முகம் மேசையில் படக் கேரியரை நிமிர்த்தி நிறுத்துங்கள். தன் எடையாலேயே கேரியர் கீழே இறங்கிவிட்டால் வளையம் தேய்ந்துவிட்டது, மூன்றையும் மாற்றுங்கள்.

குட்டைக் குழல் ஆசைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. குழல் குட்டையானால் கேஸ் குழாயும் குட்டையாகிறது. துளையில் அழுத்தம் ஏறி, கூடு இன்னும் சேம்பரைப் பிடித்திருக்கும்போதே போல்ட் திறக்கப் பார்க்கும். எக்ஸ்ட்ராக்டர் தேயும். போல்ட்டில், அதைத் திருப்பும் கேம் பின்னின் துளை இருக்கும் இடம்தான் மெலிந்த இடம், அங்கே விரிசல் விடும். கனமான பஃபர் (கேரியருக்குப் பின்னால் ஸ்பிரிங்கோடு நகரும் எடை) போட்டால் கொஞ்சம் தணியும். எங்கள் தேர்வு நடுநீளக் கேஸ் குழாய்.

கேஸ் குழாயா, பிஸ்டனா? நான் ராணுவத்தில் ஸ்டெயர் ஏ.யு.ஜி. தூக்கியவன்.
— முன்னாள் படைவீரர், உலு கிந்தா

உங்கள் ஏ.யு.ஜி. பிஸ்டன் ரகம்: கேஸ் ஒரு தண்டைத் தள்ள, அது கேரியரைத் தள்ளும். கரி முன்னாலேயே நின்றுவிடும், போல்ட் சுத்தமாக இருக்கும். ஏ.ஆர் குழாய் வழியே சூட்டையும் கரியையும் போல்ட்டுக்கே கொண்டுவருகிறது. ஆனால் முன்பக்க எடை குறைவு, அசையும் பாகமும் குறைவு, குறி தவறுவதும் குறைவு. எண்ணெய் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் குழாய் ரகம் அழுக்கோடும் ஓடும். காய்ந்த கரியோடு ஓடாது.

ஏ.யு.ஜி.யின் பலம் நீளத்தில் இருக்கிறது: போல்ட்டும் மெகசினும் விசைக்குப் பின்னால் பிட்டத்திலேயே இருப்பதால் குட்டை. இரண்டிலும் குழல் 508 மி.மீ.தான், ஏ.யு.ஜி. மொத்தம் 79 செ.மீ., எம்-16ஏ1 ஏறக்குறைய 99. புதரிலும் வண்டிக்குள்ளும் இருபது செ.மீ. பெரிய வித்தியாசம். பலவீனமும் அதே அமைப்பால் வருவதுதான்: விசை முன்னால், ஹேமர் பின்னால், இடையிலுள்ள நீண்ட கம்பியால் விசை கொழகொழவென்று இருக்கும். இடக்கைக்காரர் போல்ட்டை மாற்றிப் போடாமல் சுட்டால் கூடு கன்னத்தில் அடிக்கும்.

.223-உம் 5.56-உம் ஒன்றுதானே?
— வாசகர், கோலா கங்சார்

வெளியளவு ஒன்று. 5.56 சேம்பரில், ரவை குழலின் சுழல்வெட்டைத் தொடும்முன் இடைவெளி அதிகம். ஆகவே 5.56 சேம்பரில் .223 தோட்டாவைச் சுடலாம். .223 சேம்பரில் 5.56 தோட்டாவைச் சுட்டால் அழுத்தம் எல்லை மீறலாம். குழல் மேல் பொறித்திருப்பதைப் படித்துவிட்டுத் தோட்டாவை எடுங்கள்.

செமி-ஆட்டோவை ஆட்டோவாக மாற்ற...
— பெயர் போடாதவர்

பதில் கிடையாது.

எங்கள் செம்பனை மறுநடவில் காட்டுப்பன்றி கன்றுகளின் குருத்தைத் தின்று தீர்க்கிறது. இந்த ரைஃபிள் இருந்தால் ஒரே வாரத்தில் முடித்துவிடலாம் என்கிறார் சின்ன மானேஜர். உங்கள் கருத்து?
— தோட்டக் கண்டக்டர், சுங்கை சிப்புட் அருகே

வேண்டாம். குறி துல்லியம், அடுத்த சூடு வேகம் என்று மேலே புகழ்ந்ததெல்லாம் இங்கேதான் உதவாமல் போகிறது.

5.56 ரவை போகக்கூடிய கடைசித் தூரம் 3,600 மீட்டர் என்று அமெரிக்க ராணுவக் கையேடு சொல்கிறது. தட்டையான தோட்டத்தில் மரவரிசை நேராக ஓடும். வரிசையின் கோடியில் பழம் வெட்டுபவர், லாரிப்பாதை, லயம். தவறிய ரவைக்குப் பின்னால் மண்மேடு இருந்தால்தான் சுடலாம். மறுநடவில் மேடு எங்கே? சாய்ந்த மட்டையில் பட்டால் லேசான ரவை திசை மாறும். கல்லில் பட்டால் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. 3.5 கிராம் ரவை பெரிய ஆண் பன்றியின் தோள்பட்டையில் சரியான கோணத்தில் படாவிட்டால் அடிபட்ட பன்றி புதருக்குள் போய்விடும், அதைத் தேடிப் போகிறவருக்குத்தான் ஆபத்து.

பயிர்க் காவலுக்கு இந்நாட்டில் பொதுவாக உரிமம் கிடைப்பது 12 போர் (குழல் அளவு) ஷாட்கனுக்குத்தான். அதுவே பொருத்தமும்கூட. எஸ்.ஜி. சன்னம் (பெரிய ஈய உருண்டைகள்) 35 மீட்டருக்குள் நல்ல வேலை செய்யும், அதைத் தாண்டினால் பரவி வலுவிழக்கும். அந்தப் பலவீனமே தோட்டத்தில் பாதுகாப்பு. ஷாட்கனிலும் செமி-ஆட்டோ உண்டு. ஆனால் கேஸ் ரகம் லேசான தோட்டாவில் சரியாக இயங்காமல் நிற்கும். செனாப்பாங் பாத்தாவில் (நடுவில் மடக்கித் திறக்கும் ஷாட்கன்) இரண்டே குண்டுதான், ஆனால் மடக்கித் திறந்து வைத்தால் காலியா இல்லையா என்று எதிரே நிற்பவருக்கும் தெரியும். செமி-ஆட்டோவில் அது தெரியாது. மெகசினைக் கழற்றுவது முதலில், போல்ட்டை இழுப்பது பிறகு. வரிசை மாறினால் மெகசினிலிருந்து இன்னொன்று சேம்பருக்குள் போயிருக்கும், காலி என்று நினைத்துக் கீழே வைப்பீர்கள். கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டும் தடவுங்கள்.

இரவில் டார்ச் அடிப்பவர்களுக்கு: பன்றியின் கண்ணில் ஒளியைத் திருப்பியடிக்கும் படலம் இல்லை. பளிச்சென்று மின்னினால் அது மாடாகவோ நாயாகவோ மரநாயாகவோ இருக்கும், பன்றியாக இருக்க வாய்ப்பு குறைவு. முழு உருவம் தெரியாமல் விசையில் விரல் வைக்காதீர்கள்.

சுடுவதற்கு முன் செய்ய வேண்டியது வேறு. கன்றைச் சுற்றிக் கம்பி வலை, மறுநடவு எல்லையில் மின்வேலி. வேலிக்கடியில் புல் தொடாமல் வெட்டி வைக்காவிட்டால் மின்சாரம் மண்ணுக்குள் போய்விடும். பன்றியைச் சுட பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) உரிமமும் வேண்டும், துப்பாக்கி உரிமம் மட்டும் போதாது.

வீட்டுக்காரர் ஷாட்கன் காவலுக்குப் போய் வந்தால் காதில் 'ங்' என்று இரைகிறது என்கிறார். தானாகப் போய்விடுமா?
— குடும்பத் தலைவி, சுங்கை சிப்புட்

அந்த இரைச்சல் அடங்கலாம், செத்த நரம்பு திரும்பாது. 140 டெசிபலுக்கு மேல் ஒரே சத்தம்கூடக் காதைக் கெடுக்கும். ஷாட்கனும் ரைஃபிளும் அதைத் தாண்டியவை. பஞ்சு உதவாது. நுரை அடைப்பானை உருட்டி மெல்லிதாக்கி, மறுகையால் காதைப் பின்னுக்கு இழுத்து ஆழமாக வைத்து, விரியும்வரை அரை நிமிடம் பிடிக்கச் சொல்லுங்கள். இரைச்சல் மறுநாளும் இருந்தால் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.

ஆன்லைனில் ஏ.ஆர் போலவே பிளாஸ்டிக் குண்டு சுடும் பொம்மை விற்கிறார்கள். பையனுக்கு வாங்கலாமா?
— வாசகர், சாலாக்

வாங்காதீர்கள். 1960 ஆயுதச் சட்டம் போலி ஆயுதத்தையும் கணக்கில் எடுக்கிறது. காற்றுத் துப்பாக்கியும் அதில் ஆயுதம்தான்.

மழையில் நனைந்த துப்பாக்கியை எப்படி வைப்பது? மூன்று நாளில் துரு.
— உரிமம் பெற்ற காவலர், லிந்தாங்

இது ஷாட்கனுக்கும் ரைஃபிளுக்கும் பொது. முதலில் தோட்டாவை எடுத்துவிட்டுக் குழலைத் தலைகீழாகப் பிடித்து நீரை வடியுங்கள். 5.56 போன்ற சிறு துளையில் நீர் உறிஞ்சுகுழலில் போல் தேங்கி நிற்கும். போல்ட்டைத் திறந்து காற்று விட்டால்தான் இறங்கும். குழலில் நீரோடு சுட்டால் குழலே பிளக்கலாம். பிறகு சேம்பர் பக்கமிருந்து வாய்ப் பக்கமாகக் காய்ந்த துணி, துணி வெள்ளையாக வரும்வரை. கடைசியில் எண்ணெய் தொட்ட துணி ஒருமுறை. வெளியிலும் மெல்லிய பூச்சு, விரல் ரேகை பட்ட இடமெல்லாம். வியர்வை உப்புதான் முதல் துரு.

நுரை வைத்த பெட்டியிலோ தோல் உறையிலோ வைத்துப் பூட்டாதீர்கள், இரண்டும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். இரும்புப் பெட்டிக்குள் நிமிர்த்தி, குழல் வாய் கீழ்நோக்கி வைத்தால் மீந்த எண்ணெய் பிட்டத்து மரத்தில் இறங்காது. சிலிக்கா ஜெல் பொட்டலம் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்திப் போடுங்கள். அடுத்த காவலுக்கு எடுக்கும்போது குழலில் மீந்த எண்ணெயைத் துடைத்துவிட்டே தோட்டா போடுங்கள்.